நான் என்றே சொல்ல வேண்டும்

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நல்லது. இன்னும் ஒரு முக்கால் மணி நேரத்துக்குத் தெரியாமல் இருந்தால் போதும், அதற்குப் பிறகு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. இப்போது பத்தேகால். தேவாலயத்துக்குக் கீழே நிலவறையில் இருக்கிற சமையலறை இது. மேசை எவர்சில்வர், அலுமாரி எவர்சில்வர், சுவரிலும் பாதி எவர்சில்வர், எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம் கோணலாகத் தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் அவளுடைய முகமும் கோணலாக. தில்லைநாயகி. வயது ஐம்பத்தெட்டு. பையிலிருந்து டப்பா டப்பாவாக எடுத்து மேசையில் வைக்கிறாள், மூடியைத் திறக்கவில்லை, திறந்தால் சூடு போய்விடுமாம். வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்கள் சொந்தமாகச் சாப்பாட்டுத் தொழில் தொடங்க உதவுகிற சங்கம் இது. அடுப்பு, குளிரறை, சுகாதாரப் பத்திரம், சனிக்கிழமைச் சந்தையில் ஒரு கடைத்தட்டு, எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஆறு பேருக்கு இடம். ஐந்து பேரை எடுத்தாகிவிட்டது, ஆறாவது இடம் இவளுக்கா இல்லையா என்பது இன்று இந்த மேசையில் முடிவாகும். போன வருடம் புருஷன் செத்துப்போனான், அவனுடைய விசாவில் வந்தவள் இவள், இலையுதிர்காலத்துக்குள் சொந்தக் காலில் நிற்பதைக் காட்டாவிட்டால் விசாவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதமும் கோப்பில் இருக்கிறது, நான் வாசித்தேன், இரண்டு தரம் வாசித்தேன், மூன்றாம் தரம் சும்மா ஆசைக்கு வாசித்தேன். இங்கே என் வேலை மொழிபெயர்ப்பு. அவள் தமிழில் சொல்வதை நான் டொச்சில் சொல்ல வேண்டும். டொச் என்றால் ஜெர்மன், சுவிசில் எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். அவளுக்கு டொச்சில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. ஆகவே இந்த மேசையில் அவளுக்கு இருக்கிற ஒரே வாய் என்னுடையது.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் பெயர் வந்தது. பெயரைப் பார்த்ததும் ஒன்றும் தோன்றவில்லை, தில்லைநாயகி என்று எத்தனை பேர் இருப்பார்கள். கீழே ஊரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே படம். கன்னத்தில் அந்த மச்சம். நான் அப்போது பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை, அதற்கடுத்த இடத்திலும் இறங்கவில்லை, கடைசித் தரிப்பில் சாரதி வந்து என்ன பெண்ணே என்று கேட்டபிறகுதான் இறங்கினேன். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு விதி உண்டு. ஆளைத் தெரியும் என்றால் சொல்லிவிட்டு விலக வேண்டும், அது முதலாவது. நான் சொல்லவில்லை, விலகவில்லை, 'வருகிறேன், மகிழ்ச்சி' என்று பதில் போட்டேன். மகிழ்ச்சி என்று எழுதியது பொய்யில்லை. இது வெளியே தெரிந்தால் என் மொழிபெயர்ப்பாளர் அட்டையைப் பறிப்பார்கள், பதினோரு வருட வேலை, ஆஸ்பத்திரியில் நீதிமன்றத்தில் பள்ளிக்கூடத்தில் என்று ஓடியோடிச் சேர்த்த பெயர், எல்லாம் போகும். போகட்டும். இல்லை, போகட்டும் என்று சும்மா சொல்கிறேன், பைக்குள் அந்த அட்டையை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டாவது விதி, 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. அவர் நான் என்றால் நானும் நான் என்றே சொல்ல வேண்டும். பிள்ளை பெறப் போகிறவளின் நோவையும் நான் என்று சொல்லியிருக்கிறேன், பெண்சாதியை அடித்தவனின் கதையையும் நான் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு வாய் கழுவினால் சரி. இன்றைக்கு இவளுடைய நான். எத்தனை சவர்க்காரம் வேண்டுமோ தெரியாது.

மேசைக்கு வருமுன் நடைபாதையில் இருவரும் பத்து நிமிடம் இருந்தோம். அதற்குள் தொடங்கிவிட்டாள். தொடங்குவாள் என்று எனக்குத் தெரியும், எங்கள் சனத்தில் ஒரு புது முகத்தைக் கண்டால் பெயரைக் கேட்கிறதுக்கு முன்னம் அதைத்தான் கேட்பார்கள். "பிள்ளை ஊரில எவடம்?" நான் ஊரின் பெயரைச் சொன்னேன். "அது தெரியும், ஊரில எவடம்?" கோயிலடி என்றேன். "எந்தக் கோயிலடி? அங்க மூண்டு கோயில் இருக்கெல்லோ." விடமாட்டாள். அந்தக் கேள்வி எதைத் தோண்டுகிறது என்று வெள்ளைக்காரனுக்கு விளங்காது, முகவரி கேட்கிறாள் என்று நினைப்பான். எந்த ஒழுங்கை, எந்தக் கிணற்றடி என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் சாதியில் போய் நிற்கும். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்தில் இதற்கு நான் எத்தனையோ பதில் வைத்திருக்கிறேன், எல்லாம் மழுப்பல். இன்றைக்கு மழுப்பவில்லை. "டொக்டர் வளவு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், டொக்டர் வளவுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, பனங்கூடலோடு ஒட்டின கொட்டில்தான் எங்களுடையது, என்னைப் பெற்ற அப்பு அந்த வளவில்தான் தேங்காய் பிடுங்கினார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆ, டொக்டர் ஆக்களே! நான் அப்பவே நினைச்சன், முகத்திலயே தெரியுது. ஒரு நிம்மதி பிள்ளை. உங்க ஆரார் ஆரெண்டு தெரியாமல் வாய் துறக்கேலாதெல்லோ." என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது, பிட்டுக் குழைத்த கை. அந்தக் கையை நான் உதறவில்லை. "ஓம் அம்மா" என்றேன், "நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றேன். வாயில் நீங்கள், மனசில் அடியே.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. ராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது, நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை, எனக்குப் பத்து வயது, அம்மாவின் சேலைத் தலைப்பை என் கையில் முடிந்துவிட்டிருந்தார்கள். பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் இவளுடைய வீட்டு வளவில் நாற்பது பேர் போய் ஒதுங்கினோம். அப்போது இவள் புதுப்பெண், வீட்டுக்காரி, சாவிக்கொத்து இடுப்பில். யார் எவர் என்று அந்த நேரம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவு மழை, அவ்வளவு சனம். மூன்றாம் நாள் இவளுக்குக் காய்ச்சல், படுத்துவிட்டாள், நாற்பது பேரும் பட்டினி, பிள்ளைகள் அழுதார்கள். அம்மா எழும்பினாள். சிவப்பரிசி மா கொஞ்சம், அவித்த கோதுமை மா கொஞ்சம், தேங்காய்க்கு அந்த வளவில் பஞ்சமில்லை. ஆரையும் கேளாமல் குசினிக்குள் போய் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கழுவி அடுப்பை மூட்டிவிட்டாள். அந்தப் பிட்டின் வாசம் எனக்கு இப்போதும், இல்லை, அந்த வாசத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, பேசினால் தொண்டை அடைத்துவிடும், இப்போது எனக்குத் தொண்டை வேண்டும். ஒவ்வொருவராக வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். இவளுக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், எழும்பியிருந்து தின்றாள், நல்லாயிருக்கு என்றாள், ஆர் அவிச்சது என்றாள். அம்மா வாசலில் நின்று நான்தான் என்றாள், சந்தோஷமாகச் சொன்னாள். "நீர் ஊரில எவடம்?" அம்மாவுக்கு மழுப்பத் தெரியாது. சொன்னாள். இவள் வாயில் இருந்ததை முற்றத்தில் துப்பினாள். மிச்சமிருந்த பிட்டைப் பானையோடு தூக்கிக் குப்பைக் கிடங்கில் கொட்டச் சொன்னாள், பசியோடு இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கக் கொட்டினார்கள். பிறகு கிணறு இறைக்க ஆள் பிடித்தாள். போர் நடக்கிறது, ஷெல் விழுகிற சத்தம் கேட்கிறது, இரண்டு பேர் நின்று கிணறு இறைக்கிறார்கள், அம்மா அதில் தண்ணீர் அள்ளிவிட்டாளாம். பொழுதுபடமுன் எங்களை மழைக்குள் அனுப்பினாள். அதற்குப் பிறகு அம்மா பிறத்தியாருக்கென்று ஒரு கரண்டி தூக்கவில்லை. என் கலியாணத்துக்கு ஊரெல்லாம் கூடிப் பலகாரம் சுட்டது, என்னைப் பெற்றவள் மட்டும் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தூரத்தில் இருந்தாள். வாவன் அம்மா என்று கூப்பிட்டேன். 'வேண்டாம் பிள்ளை, நான் தொட ஆரும் ஏதும் சொல்லுவினம்' என்றாள். எங்கள் ஆட்களுக்குள்ளேயே, எங்கள் வீட்டிலேயே. அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தது இவள். அம்மா செத்து ஆறு வருடம், இவள் இருக்கிறாள், இதோ மூடியைத் திறக்கிறாள்.

பிட்டு. வேறென்ன கொண்டுவருவாள். பிட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும். எதிரே ரெகுலா, இந்தச் சங்கத்தை நடத்துகிறவள், அறுபது வயது, கட்டையாக வெட்டின நரைமுடி, பார்க்க வாத்தியார் மாதிரி, ஆனால் எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிற சாதி. சாதி என்கிறேன் பார், அந்தச் சொல் என் வாயிலும் இப்படிச் சும்மா வந்துவிழுகிறது. அவளுக்குப் பக்கத்தில் உர்ஸ் என்கிறவர், கணினியில் குறிப்பெடுக்கிறார், பேசமாட்டார். ரெகுலா எனக்கும் ஒரு தட்டை நகர்த்துகிறாள், நீங்களும் சாப்பிடுங்கள் என்கிறாள், வழக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்குத் தட்டு இல்லை. தில்லைநாயகி எழும்பி வந்து தன் கையாலேயே எனக்குப் போடுகிறாள். "சாப்பிடும் பிள்ளை, எங்கட கைப்பக்குவம் எங்கட ஆக்களுக்குத்தான் விளங்கும்." இத்தனை வருடமாக இவளுக்கு மனசுக்குள் என்னென்ன செய்து பார்த்திருக்கிறேன். தெருவில் பிச்சையெடுக்க வைத்திருக்கிறேன், என் வீட்டு வாசலில் மூன்று நாள் பட்டினியாக நிறுத்தியிருக்கிறேன், கிணற்றில் தள்ளியும் இருக்கிறேன், பிறகு கிணறு கெட்டுவிடும் என்று தூக்கிவிட்டேன். ஒன்றிலும் இவள் எனக்குப் பிட்டுப் பரிமாறவில்லை. ஒரு வாய் வைத்தேன். நல்லாயிருக்கிறது. சனியன், நல்லாயிருக்கிறது, உதிரி உதிரியாக, தேங்காய்ப்பூ அளவாக. கெட்டவள் அவித்தால் பிட்டு கட்டிபட வேண்டாமா, அதுதானே நியாயம். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, துப்பினால் அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று பெரிய மனுஷி மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அதெல்லாம் இல்லை, ரெகுலா பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் விழுங்கினேன். ரெகுலா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறாள். உர்ஸ் இரண்டாம் தரம் போட்டுக்கொள்கிறார். இப்படியே போனால் இவளுக்கு இடம் கிடைத்துவிடும், நான் பார்த்துக்கொண்டே இருக்கக் கிடைத்துவிடும்.

கேள்விகள் தொடங்கிவிட்டன. எத்தனை வருட அனுபவம், கிழமைக்கு எத்தனை நாள் முடியும், படி ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா. நான் சரியாகவே சொல்கிறேன், சொல்லுக்குச் சொல். சின்னச் சின்னதாகக் கெடுக்கலாம், முழங்கால் நோவைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், அனுபவத்தில் பத்து வருடத்தைக் குறைக்கலாம், ஆனால் அது களவு, எனக்கு அந்த வகைப் பழி வேண்டாம். அவளுடைய சொல்லாலேயே அவள் விழ வேண்டும். காத்திருக்கிறேன், பிட்டு நெஞ்சில் நிற்கிறது, குளிரறை இயந்திரம் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது. இதோ வந்துவிட்டது. ரெகுலா கேட்கிறாள், இந்தச் சமையலறையை ஆறு பெண்கள் பங்கிட வேண்டும், வெவ்வேறு நாடு, வெவ்வேறு பழக்கம், அது உங்களுக்கு எப்படி இருக்கும்? தமிழில் சொன்னேன். அவள் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள், இந்த அறையில் தமிழ் தெரிந்த காது என்னுடையது மட்டும்தான் என்று மறந்து போனாள். "வெள்ளையள், காப்பிலியள் பறவாயில்லை பிள்ளை, அதுகள் வேற. ஆனா எங்கட பக்கத்துக் கண்டவையையும் குசினிக்குள்ள விடமாட்டன் எண்டு சொல்லும். நாங்கள் துப்பரவான ஆக்கள். உமக்கு விளங்கும்தானே, பக்குவமாச் சொல்லும்." பக்குவமாக. அதுதான் இதுவரை எல்லோருக்கும் நான் செய்து கொடுத்தது. 'சுத்தத்தில் எனக்கு மிகவும் கவனம், அனுமதியில்லாத யாரையும் சமையலறைக்குள் விடமாட்டேன்' என்று சொன்னால் ரெகுலா கை தட்டுவாள், உர்ஸ் குறித்துக்கொள்வார், இவள் சனிக்கிழமைச் சந்தையில் பிட்டு விற்பாள். எங்கள் சனம் பேசுகிற அசிங்கத்தை எல்லாம் நான் பதினோரு வருடமாகக் கழுவித் துடைத்து டொச்சில் வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கழுவமாட்டேன். அப்படியே வைக்கப் போகிறேன். கண்டவை.

கண்டவை. அந்தச் சொல்லில் போய்ச் சிக்கிக்கொண்டேன். அதற்கு டொச்சில் சொல் கிடையாது. யாரோ எவரோ என்று சொன்னால் காணாது, அந்நியர் என்றால் பிழை, அதற்குள் இருக்கிற ஒழுங்கையையும் கிணற்றடியையும் எப்படிச் சொல்வது. விளக்கித்தான் ஆக வேண்டும், ஆகவே முதலில் விளக்கத்தைத் தொடங்கினேன். "எங்கள் ஊரில் சிலரைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள்" என்றேன். 'நானும் விடமாட்டேன்' என்று அடுத்ததாக வரவேண்டும், அது நாக்கு நுனியில் நிற்கிறது. அதற்குள் ரெகுலா முன்னால் சாய்ந்தாள். விடமாட்டார்களா, ஏன்? "பிறப்பினால்" என்றேன். உர்ஸின் விரல் நின்றுவிட்டது. அப்படி உங்களுக்கு எப்போதாவது ஏதும் நடந்திருக்கிறதா என்று ரெகுலா கேட்டாள், என்னையல்ல, அவளைப் பார்த்து. நான் தமிழில் திருப்பினேன். "அப்பிடி ஏதும் உங்களுக்கு நடந்திருக்கோ எண்டு கேக்கினம்." "ஏன் நடக்காமல்?" என்றாள் அவள். சிரித்தாள். "இடம்பெயர்வு நேரம் பிள்ளை, எங்கட வளவில வந்து இருந்ததுகள். எனக்குக் காய்ச்சல். உந்தப் பகுதியில ஒருத்தி கேளாமக் கொள்ளாமக் குசினிக்குள்ள பூந்து பிட்டவிச்சுப் போட்டாள். தெரியாமத் திண்டுபோட்டன். பிறகென்ன, முழுக்கக் கிடங்கில கொட்டிக் கிணறும் இறைச்சனாங்கள். அவ்வளவு துப்பரவு எண்டு சொல்லும்." அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன், மறந்தவளிடம் பழிவாங்குவதற்குத்தான் நான் ஆயத்தமாக வந்தேன், இவள் அதைப் பெருமையாக எடுத்து மேசையில் வைக்கிறாள், பிட்டோடு பிட்டாக. நான் வாயைத் திறந்தேன். 'கொட்டினோம், இறைத்தோம்' என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. நான் என்றே சொல்ல வேண்டும். "போர்க்காலம். நாற்பது பேர் பசியோடு இருந்தார்கள். என் அம்மா குசினிக்குள் போய் எல்லோருக்கும் பிட்டு அவித்தாள். நல்லாயிருக்கிறது என்று தின்றுவிட்டு, யார் அவித்தது என்று தெரிந்ததும் துப்பினார்கள். பானையோடு கிடங்கில் கொட்டினார்கள். அம்மா தொட்ட கிணற்றை இறைத்தார்கள். எங்களை மழைக்குள் அனுப்பினார்கள். அம்மா அதன்பிறகு யாருக்கும் சமைக்கவில்லை." டொச்சில் எனக்கு இவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, அந்த நான் யாருடையது என்று.

ரெகுலாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பாளரை யார் பார்ப்பார்கள், நான் ஒரு குழாய், தண்ணீர் வந்தால் சரி. மேசைக்கு மேலால் கையை நீட்டித் தில்லைநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கா இது நடந்தது, உங்கள் அம்மாவுக்கா? நான் திருப்பிச் சொல்லுமுன் தில்லைநாயகி தலையை ஆட்டினாள், எங்கள் ஆட்கள் விளங்காவிட்டாலும் ஆட்டுகிற ஆட்டு, கண் கலங்கினவளுக்கு மரியாதையாக இரண்டு ஆட்டுக் கூட. கிணறு இறைத்த துப்பரவைக் கேட்டு வெள்ளைக்காரிக்கே மனம் இளகிவிட்டது என்று நினைத்திருப்பாள். திருத்து. இப்போது திருத்தலாம், 'மன்னிக்கவும், பிழை விட்டுவிட்டேன்' என்று ஒரு வசனம், பதினோரு வருடத்தில் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன், யாரும் தலையை எடுக்கவில்லை. திருத்தினால் அவள் சொன்னதைச் சொல்ல வேண்டும், அவளுக்கு இடம் போகும், இலையுதிர்காலத்தில் விசா போகும், அதற்குத்தானே வந்தேன். திருத்தவில்லை, தட்டில் மிச்சமிருந்த பிட்டை அள்ளித் தின்று முடித்தேன். ரெகுலா உர்ஸைப் பார்க்கிறாள், உர்ஸ் தலையசைக்கிறார், சமையலறைக்குள் விடமாட்டோம் என்று துரத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்தச் சமையலறையைத் திறக்காமல் பிறகு எதற்கு நாங்கள் என்று ரெகுலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்கிறாள். ஆறாவது இடம் இவளுக்கு. கொடுத்துவிட்டார்கள். எங்கள் பெயரில், எங்கள் அவமானத்தில், என் அம்மாவின் பிட்டில் இவளுக்கு இடம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். தொடக்க விழாவுக்கு ஒவ்வொரு பெண்ணின் கதையையும் படத்தோடு பெரிதாக அச்சடித்துச் சந்தையில் அவரவர் கடைத்தட்டுக்கு மேலே தொங்கவிடுவார்களாம், பத்திரிகைக்காரரும் வருவார்களாம். அதற்கு ஒரு சம்மதப் பத்திரம், அதில் கையெழுத்து வேண்டும். உர்ஸ் அங்கேயே கணினியில் அடித்து அச்சுப்பொறியில் எடுத்துவிட்டார். முழுவதையும் அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள் என்று என்னிடம் தந்தார். முழுவதையும். அதுவும் விதிதான், இந்த விதியை நான் மீறமாட்டேன். கிணற்றில் தள்ளினதெல்லாம் என்ன, குழந்தை விளையாட்டு. இது கையில் இருக்கிறது, தாள் இன்னும் சூடாக இருக்கிறது.

"அம்மா, உங்களுக்கு இடம் கிடைச்சிட்டுது" என்றேன். கும்பிட்டாள், என்னையும் சேர்த்துக் கும்பிட்டாள். "இதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்கிறன், கவனமாக் கேளுங்கோ." மெதுவாக, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். தாயார் தொட்ட உணவு குப்பையில் கொட்டப்பட்டது. கும்பிட்ட கை அப்படியே நெஞ்சுக்கு முன்னால் நின்றது. "ஆரைப் பற்றி உது?" "உங்களைப் பற்றித்தான். உங்களை அந்த ஆக்கள் எண்டு எழுதியிருக்கினம்." "ஐயோ, பிழையா விளங்கிட்டினம் பிள்ளை, மாத்திச் சொல்லும், கெதியாச் சொல்லும்." "மாத்திச் சொல்லலாம். நீங்கள் கொட்டினதெண்டு சொல்லுறன். சொன்னா இடம் இல்லை. இடம் இல்லாட்டி விசாவும் இல்லை. சொல்லட்டோ?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். முதல் தரமாகப் பார்த்தாள், மச்சம் துடித்தது. "நீர் டொக்டர் ஆக்கள் எல்லோ?" "டொக்டர் வளவுக்குப் பின்னால அம்மா. வேலிக்கு அங்கால. உங்களுக்குக் காய்ச்சல் நேரம் பிட்டவிச்சது என்ர அம்மா. நீங்கள் துப்பேக்க நான் பக்கத்தில நிண்டனான்." அவள் தன் கையைப் பார்த்தாள், நடைபாதையில் என் கையைப் பிடித்த கை, பிறகு நான் தின்று முடித்த தட்டைப் பார்த்தாள். கண்ணீர் வந்தது. ரெகுலா எழும்பி வந்து அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள், எவ்வளவு காலம் மனசுக்குள் வைத்திருந்தீர்கள் என்று சொன்னாள், அதையும் விடாமல் தமிழில் சொன்னேன். கடைசியில் மிகச் சின்னக் குரலில் கேட்டாள். "உது டொச்சில தானே எழுதுவினம்? எங்கட ஆக்களுக்கு விளங்காதெல்லோ?" "டொச்சில தான் அம்மா" என்றேன். "ஆனா இங்க எங்கட ஆக்கள் எல்லாருக்கும் டொச் வாசிக்கத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது." பேனாவை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். எனக்குச் சந்தோஷம்தான், இப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்நாளில் வந்ததில்லை, கலியாணத்தன்று வரவில்லை, பிள்ளை பிறந்தபோது வரவில்லை, அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான். ரெகுலா தாளைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு, இதில் அம்மாவின் பெயர் இல்லையே, அந்த அம்மாவின் பெயரையும் போட வேண்டும், என்ன பெயர் என்று கேட்டாள். "அம்மான்ர பேர் கேக்கினம்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு எப்படித் தெரியும், அன்றைக்கு ஊரைத்தான் கேட்டாள், பெயரைக் கேட்கவில்லை. "வள்ளியம்மை" என்று சொல்லிக் கொடுத்தேன். "வள்ளி" என்றாள், அதற்குமேல் வரவில்லை. முழுப் பெயரும் வேண்டுமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, காற்றுக்குச் சொல்வதுபோல் ஏதோ முணுமுணுத்தாள். "உரத்துச் சொல்லட்டாம்" என்றேன். ரெகுலா அப்படி ஒன்றும் கேட்கவில்லை. தில்லைநாயகி நிமிர்ந்தாள், மூக்கைத் துடைத்தாள், அந்த எவர்சில்வர் அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "என்ர அம்மான்ர பேர் வள்ளியம்மை."